கான்செப்ட் ஆல்பத்தை முழுசாத்தான் கேக்கணுமா? துண்டு துண்டா கேட்டா ஆகாதா?

#1 பக்கம்_பி (சாட்ஸ்வர்த், டர்பன்)

ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம், இன்னிக்கு எழுதிடுறேன். கான்செப்ட் ஆல்பம்னா பாட்டெல்லாம் தனித்தனியா இல்லாம ஒண்ணோட ஒண்ணு கோத்து வர்ற ஆல்பம், தெரியாதவங்களுக்கு. நேத்து வேலை விட்டு வரும்போது வண்டில ஃபோன்லேர்ந்து இங்கிலாந்து ராக் கோஷ்டி பிங்க் ஃப்ளாய்டோட தி வால் (சுவர்) ஆல்பம் ஓடிட்டிருந்துச்சு. குட்பை க்ரூயல் வேர்ல்டு முடிஞ்சுது, நான் மூச்சு விடல, அதுக்குள்ள ஹே யூ ஆரம்பிச்சிருச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், ரோபோல நின்னவன் (வெளியூர்க்காரங்களுக்கு: இங்க ட்ராஃபிக் சிக்னலை ரோபோன்னுதான் சொல்லுவோம்) பச்சை விழுந்தும் நகரல, பின்னாடி டாக்ஸிக்காரன் ஹார்ன் அடிச்சு மானத்தை வாங்கிட்டான்.

கோவம் ஏன்னா, அந்த ரெண்டு பாட்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் வெறுமையா இருக்கணும். பிங்க்னு ஒரு பாட்டுக்காரன், அப்பா யுத்தத்துல போயிட்டார், அம்மா பொத்திப் பொத்தி வளக்குறா, ஸ்கூல்ல வாத்தியார் கொடுமை, பொண்டாட்டியோட சரிப்படல, ஒவ்வொண்ணும் ஒரு செங்கல்லா அடுக்கி தன்னைச் சுத்தி சுவர் கட்டிக்கிறான். ரெண்டாம் பக்கம் முடியுற இடத்துல கடைசி செங்கலையும் வச்சாச்சு. அதுக்கப்புறம் அவனும் வெளிய வரமாட்டான், நாமளும் உள்ள போக முடியாது. அந்த இடத்துல உடனே கிடார் கேட்டா என்ன அர்த்தம்?

எனக்கு இது கேசட்டுல வந்து சேந்த ஆல்பம். 1980, நான் ஸ்டாண்டர்டு செவன். கேப் டவுன் பக்கம் ஆரம்பிச்ச ஸ்கூல் பாய்காட் எங்க பக்கத்து இந்தியன் ஸ்கூலுக்கும் வந்துடுச்சு, பிள்ளைங்க கிளாஸுக்குப் போகாம கிரவுண்டுல உக்காந்துக்கிட்டு இந்த ஆல்பத்துல இருக்குற அனதர் பிரிக் பாட்டைப் பாடுறாங்க. இங்கிலாந்துல எவனோ அவன் ஸ்கூலைத் திட்டி எழுதின பாட்டு, இங்க எங்க பாட்டாயிடுச்சு. மே மாசம் கவர்மென்ட் அதைத் தடை பண்ணிட்டாங்க. தடை பண்ணலேன்னா நான் தேடியிருக்கவே மாட்டேன், அது வேற கதை.

எங்க பெரியப்பா மகன், அண்ணன், கூட வேலை செய்யுற ஒருத்தர்கிட்டேர்ந்து எல்பியை (பெரிய இசைத்தட்டு, ரெண்டு தட்டு, நாலு பக்கம்) ஒரு ராத்திரிக்கு வாங்கிட்டு வந்து, ஸ்பீக்கர் முன்னாடி மைக்கை வச்சு சி-90 டேப்புல பிடிச்சான். லேபிள்ல "காவடிப் பாட்டு 2"ன்னு எழுதிட்டான், போலீஸுக்கு பயந்து இல்ல, பெரியப்பாவுக்கு பயந்து. அந்த டேப் எங்க வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேத்திட்டு அதை எடுத்துப் போட்டுட்டாங்க. தி வால் எப்படி ஆரம்பிக்கும்னு கேட்டவங்களுக்குத் தெரியும், எங்கேயோ தூரத்துல யாரோ வாசிக்குற மாதிரி சன்னமா ஒரு ராகம். அம்மா "சத்தம் கம்மியா இருக்கே"ன்னு வால்யூமைத் திருப்பி வச்சிட்டு ஊதுபத்தி கொளுத்தினாங்க. அடுத்த நொடி கிடாரும் டிரம்ஸும் இடி விழுந்த மாதிரி. ஊதுபத்தி ஒரு பக்கம், தீப்பெட்டி ஒரு பக்கம். அன்னிக்கு வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நாலு பக்கமும் சேத்து 81 நிமிஷம். முதல் ரெண்டு பக்கம் 39 நிமிஷம், அதாவது டேப்போட ஏ பக்கத்துல 45 நிமிஷத்துல அடங்கிடும், மிச்சம் ஆறு நிமிஷம் வெறும் இரைச்சல், அப்புறம் க்ளிக்குன்னு நிக்கும். நான் அந்த ஆறு நிமிஷத்தை ஒரு நாளும் ஓட்டிவிட்டதில்ல. சுவருக்கு வெளிய நிக்குற நேரம் அது. அப்புறம் எழுந்து போய் டேப்பைத் திருப்பிப் போட்டா ஹே யூ, உள்ளேர்ந்து ஒருத்தன் கூப்பிடுறான்.

அதனால என் கட்சி இதுதான்: கான்செப்ட் ஆல்பம்னா கதை இல்ல. பக்கம். எங்க நிறுத்துறாங்கன்றதுதான் கான்செப்ட். ஃபோன்ல கேக்குறவங்க அதைக் கேக்கவே இல்ல. இப்ப திட்டுங்க.

#2 திருச்சி2ஜோபர்க்

அண்ணே, ஊதுபத்தி மேட்டர் படிச்சு ஆபீஸ்ல சிரிச்சு மாட்டிக்கிட்டேன்.

ஆனா உங்க கட்சியில ஒரு ஓட்டை இருக்கு. நீங்க புனிதம் மாதிரி சொல்றீங்களே அந்த வரிசை, அதுவே கடைசி நேரத்துல மாத்துனது. உங்ககிட்ட இருந்தது டேப், அட்டையைப் பாத்திருக்க மாட்டீங்க. எல்பி உறையில ஹே யூ வரிகள் மூணாம் பக்கத்துக் கடைசியில இருக்கும், பாட்டு வர்றதோ மூணாம் பக்கத்து ஆரம்பத்துல. உறை அச்சுக்குப் போனப்புறம் ப்ரொட்யூசர் பாப் எஸ்ரின் சொல்லி இடத்தை மாத்திட்டாங்க. இன்னொரு பாட்டு, வாட் ஷல் வி டூ நவ், வரி மட்டும் அட்டையில இருக்கு, ரெகார்டுல பாட்டே இல்ல, பக்கத்துல நீளம் பத்தலன்னு தூக்கிட்டாங்க. ஆக நீங்க ஆறு நிமிஷம் தவம் கிடந்து கேட்ட ஹே யூ அங்க வந்ததே ஒரு அட்ஜஸ்ட்மென்ட்.

எல்பில ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரெண்டு நிமிஷம்தான் வசதி. அதுக்கு மேல போனா வரிப்பள்ளத்தை நெருக்கி நெருக்கி வெட்டணும், சத்தம் குறைஞ்சிடும். வெளி ஓரத்துல ஊசி ஒரு சுத்துக்கு 90 சென்டிமீட்டர் ஓடுது, லேபிள் பக்கம் வரும்போது 40 கூட இல்ல, ஆனா ரெண்டுக்கும் நேரம் அதே 1.8 செகண்ட். அதனால உள்பக்கம் போகப் போக சத்தத்துல பிசிறு தட்டும், அதுக்குத்தான் பல ஆல்பத்துல பக்கத்துக் கடைசியில மெதுவான பாட்டா வைப்பாங்க. நாம "அடடா என்ன ஒரு முடிவு"ன்னு உருகுறோம், அவன் ஊசிக்கு பயந்து வச்சிருக்கான்.

எனக்கு கான்செப்ட்னா கதை இருக்கணும். க்வீன்ஸ்ரைக்கோட ஆபரேஷன் மைண்ட்க்ரைம் (1988), ட்ரீம் தியேட்டரோட சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி (1999). கொலை, யாரு செஞ்சா, ஏன் செஞ்சா. சினிமா மாதிரி. சிடில ஒரே மூச்சா 77 நிமிஷம், பக்கமும் கிடையாது ஒண்ணும் கிடையாது. அது கான்செப்ட் இல்லேன்னு சொல்லுவீங்களா?

#3 டிரம்குச்சி

மாமா வீட்டுல சொன்னது பத்தாதுன்னு இங்கயும் ஆரம்பிச்சிட்டீங்களா 😂 (ஆமா, இவரு என் சொந்த மாமாதான், அம்மாவோட தம்பி. ஒவ்வொரு ப்ராய்லயும், அதாவது கறி சுடுற விருந்துலயும், கறி வேகுறதுக்குள்ள அந்த ஆறு நிமிஷக் கதை வந்துடும்.)

நான் ஷஃபிள்ல, வரிசை கலைச்சு, கேக்குற ஆளு, ஒத்துக்குறேன். என் தமிழ் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், பொறுத்துக்குங்க. தி வால் எனக்கு மொதல்ல வந்ததே சிதறித்தான், கம்ஃபர்டப்ளி நம் ஒரு நாள், மதர் ஆறு மாசம் கழிச்சு. ஆனா ஒரு விஷயம் கவனிச்சேன். அனதர் பிரிக் மூணு துண்டா வருது இல்ல, மூணும் ஒரே ராகம். நான் மூணாவதை மொதல்ல கேட்டேன், அப்புறம் ரெண்டாவது, கடைசியா முதல். பின்னாடிலேர்ந்து போற மாதிரி. பெரிய ஆளு கோவத்துல எல்லாத்தையும் உடைக்கிறான், அப்புறம் ஸ்கூல், அப்புறம் அப்பா இல்லாத சின்னப் பையன். எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு மாமா. லெக்கரா, அதாவது செமயா இருந்துச்சு. ஏன் தப்பு?

#4 ஊதாப்பூ (உம்லங்கா)

நான் சென்னையிலேர்ந்து வந்து இங்க ஒன்பது வருஷம் ஆச்சு. ராக் அவ்வளவா கேக்கமாட்டேன், வீட்டுக்காரர் கேப்பார், நான் காய் நறுக்கிட்டே ஒட்டுக் கேப்பேன். அந்த தகுதியில சொல்றேன்.

இந்தக் கான்செப்ட் ஆல்பம்னு ஏதோ வெள்ளைக்காரன் 1967ல கண்டுபிடிச்ச மாதிரி பேசுறதுதான் எனக்குப் புரியல. எங்க தாத்தா வீட்டுல படத்தோட கதை வசனம் எல்பில இருக்கும். பாட்டு, வசனம், சிவாஜி கர்ஜனை, மறுபடி பாட்டு. படம் பாக்காமலே மொத்தப் படமும் மனப்பாடம். அதுக்குப் பேரு என்ன?

இன்னொண்ணு, கதையே இல்லாம கான்செப்ட் வேணும்னா இளையராஜாவோட ஹவ் டு நேம் இட் கேளுங்க, 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) சமர்ப்பணம். ஒரு வார்த்தை பாட்டு கிடையாது. அந்த ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்ல வயலின் போற போக்கைக் கேட்டா யாரு யார் வீட்டுக்கு வந்தாங்கன்னே தெரியாது. பேரு வைக்கத் தெரியலன்றதையே பேரா வச்சான் மனுஷன். அதைவிடவா உங்க செங்கல் சுவர்.

#5 பக்கம்_பி

@திருச்சி2ஜோபர்க் தம்பி, நீ என்னை மடக்கறேன்னு நினைச்சு எனக்கு சாட்சி சொல்லிட்ட. பக்கத்துல இடம் பத்தலன்னு பாட்டைத் தூக்குனாங்க, பக்கம் சரியா ஆரம்பிக்கணும்னு ஹே யூவை மாத்துனாங்க. அதத்தானே நானும் சொல்றேன்? கதையை எழுதுனது பிங்க் ஃப்ளாய்டோட ரோஜர் வாட்டர்ஸ், வெட்டித் தச்சது பக்கம். ஊசிக்கு பயந்து வச்சாலும் நல்ல இடத்துல வச்சா நல்லதுதான், எங்க அம்மா மாவு பத்தலன்னு சின்னதா சுடுற ரொட்டிதான் ருசியா இருக்கும்.

ஆபரேஷன் மைண்ட்க்ரைம் எனக்கும் பிடிக்கும், ஆனா கதைன்னு சொல்றியே, அதை அஞ்சு வரில சொல்லிப் பாரு, சனிக்கிழமை மத்தியானம் டிவில போடுற படம் மாதிரி இருக்கும். கதைக்காக யாரும் கேக்கல. ஜெத்ரோ டல்லோட திக் அஸ் எ பிரிக் (1972) எடுத்துக்க. முந்தின வருஷம் அவங்களோட அக்வாலங் ஆல்பம் வந்தப்ப எல்லாரும் கான்செப்ட் ஆல்பம் கான்செப்ட் ஆல்பம்னு எழுதினாங்க, கோஷ்டித் தலைவர் இயன் ஆண்டர்சன் இல்லவே இல்லன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டார், ஒருத்தனும் கேக்கல. சரி, உங்களுக்கு கான்செப்ட்தானே வேணும், இந்தா வாங்கிக்கங்கன்னு 43 நிமிஷத்துக்கு ஒரே பாட்டு போட்டார், எட்டு வயசுப் பையன் எழுதின கவிதைன்னு புருடா, உறை பூரா பொய் நியூஸ் பேப்பர், குறுக்கெழுத்துப் போட்டி வரைக்கும். கிண்டலுக்குப் பண்ணினது அமெரிக்காவுல முதலிடத்துக்குப் போயிடுச்சு. அதுல கதை என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா நடுவுல ஒரே பாட்டை ரெண்டா உடைச்சே ஆகணும், அங்க எப்படி மங்கி, மறுபக்கம் எப்படி மேல எழும்பி வருதுன்னு கேளு. வேற வழியில்லாம உடைச்சதுதான், ஆனா எனக்கு அந்த ஆல்பத்துல அந்த இடம்தான் பிடிக்கும்.

@ஊதாப்பூ தங்கச்சி, கதை வசன எல்பி எங்க வீட்டுலயும் இருந்துச்சு! கப்பல்ல வந்தது, டர்பன் கிரே ஸ்ட்ரீட் கடையில வாங்கினது. அதைக் கேட்டுத்தான் எனக்குத் தமிழே வந்துச்சுன்னு சொல்லலாம், அதனாலதான் கோவம் வந்தா நான் ராஜா மாதிரி பேசுவேன், என் மருமகனைக் கேளு. ராஜா ஆல்பம் மேட்டர் ஒத்துக்குறேன், அதுல நான் வாயைத் திறக்கல.

#6 பழைய_ரேடியோ (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பேரன் இந்த பக்கத்தைக் காட்டினான். எனக்கு எழுபத்தஞ்சு ஆகுது. ஒரு விரல்ல தட்டுறேன், மெதுவா வரும்.

நீங்க எல்லாரும் லண்டனைப் பத்தியே பேசுறீங்க. டர்பனைப் பத்தி ஒருத்தரும் பேசல. ஃப்ரீடம்ஸ் சில்ட்ரன்னு டர்பன்ல 1966ல ஆரம்பிச்ச கோஷ்டி. 1970ல ஆஸ்ட்ரான்னு ஒரு எல்பி போட்டாங்க. தி வால் வர்றதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி. அதுவும் நீங்க சொல்ற மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்த ஆல்பம்தான், வானத்துலேர்ந்து சத்தம் வர்ற மாதிரி இருக்கும். அதுல ஒரு பாட்டு நாசரேத்துலேர்ந்து வந்த பையனைப் பத்தி. ஏசு பேரு சொன்னா வம்பாகும்னு நாசரேத்தை ஹசரேத் ஆக்கிட்டாங்க. அப்படி ஒரு ஊரே கிடையாது. ட்ரைபல் ஃபென்ஸ்னு இன்னொரு பாட்டு, வேலியைப் பத்தி. நிறம் பாத்துப் பிரிச்சு வச்சிருந்த இந்த நாட்டுல 1970ல வேலின்னா என்ன வேலின்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.

அப்புறம் ஃப்ளேம்ஸ். ஃபத்தார் வீட்டுப் பையன்களும் ப்ளாண்டி சாப்ளினும். நம்ம டர்பன் பையன்கள். ஃபார் யுவர் ப்ரீஷியஸ் லவ் 1968ல வந்து இந்த ஊரையே புரட்டிப் போட்டுச்சு, எந்த வீட்டுக் கல்யாணத்துல பாத்தாலும் அதுதான். டர்பன்ல ஒரு ஹால்ல பாத்திருக்கேன், டிரம்ஸ் வாசிச்ச ரிக்கிக்கு பதினாறு வயசுதான் இருக்கும், மீசை கூட சரியா முளைக்கல. லண்டன் போன இடத்துல அமெரிக்க கோஷ்டி பீச் பாய்ஸ் கண்ணுல பட்டு, அந்த கோஷ்டி கார்ல் வில்சனே ப்ரொட்யூஸ் பண்ணி 1970ல தி ஃப்ளேம்னு ஆல்பம் வந்துச்சு. அதுலயும் முதல்ல வந்த பாட்டு கடைசில திரும்ப எட்டிப் பாக்கும். அப்புறம் ரிக்கியும் ப்ளாண்டியும் பீச் பாய்ஸ்லயே சேந்துட்டாங்க. ஹாலண்ட் (1973) ஆல்பத்துல செய்ல் ஆன் செய்லர் பாடுறது ப்ளாண்டி. உலகம் பூரா ரேடியோல டர்பன் பையன் குரல். இங்க அவன் எந்த பீச்சுல கால் வைக்கலாம்னு நிறம் பாத்து போர்டு எழுதி வச்சிருந்தாங்க. பீச் பாய்ஸ்னு பேரு வேற.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். முழுசா கேக்கணுமான்னு. தம்பி பக்கம்_பி, நாங்க சின்ன வயசுல கரும்புத் தோட்டத்துப் பக்கம் இருந்தோம். அங்க தெருக்கூத்து நடக்கும். இங்க இங்கிலீஷ்ல சிக்ஸ் ஃபுட் டான்ஸ்னு சொல்லுவாங்க. ராத்திரி ஆரம்பிச்சா விடியுற வரைக்கும். எந்தப் பிள்ளை முழுசா பாத்துச்சு? துரோபதை சபதம் போடுற வரைக்கும் கண்ணை முழிச்சு வச்சிருப்பேன், அப்புறம் ஆயா மடியில சாஞ்சிடுவேன். முழிச்சுப் பாத்தா துரியோதனன் தொடையில அடி வாங்கிட்டிருப்பான். நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாரையும் கேக்க மாட்டேன், ஏன்னா கதை தெரியும். ஆயா சொல்லி இருக்கா, கோயில்ல கேட்டிருக்கோம். கதை தெரிஞ்சவனுக்கு எந்த இடத்துல முழிச்சாலும் கூத்துதான். உங்க வெள்ளைக்காரன் கூத்துல என்ன குறைன்னா, கதை அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதனாலதான் அட்டையைப் படி, புக்கைப் படி, வரிசையா கேளுன்னு கெஞ்ச வேண்டியிருக்கு.

விரல் வலிக்குது.

#7 ஊதாப்பூ

தாத்தா 🙏🙏 இதுக்கு மேல நான் என்ன எழுத.

கதை தெரிஞ்சிருந்தா துண்டும் முழுசும் ஒண்ணுதான்றது எவ்வளவு உண்மை! கச்சேரில பாதியில போய் உக்காந்தாலும் தோடியா பைரவியான்னு தெரிஞ்சிட்டா போதும், பொருந்திடுவோம்ல.

#8 திருச்சி2ஜோபர்க்

ஐயா பின்னிட்டீங்க. ஆஸ்ட்ரா இப்பதான் தேடிக் கேட்டுட்டிருக்கேன், அஞ்சு வருஷமா இந்த நாட்டுல இருக்கேன் ஒருத்தன் சொல்லல. 1970ல ஜோபர்க்ல ரெகார்ட் பண்ணின சத்தமா இது, நம்பவே முடியல.

கதை யாருக்கும் தெரியாதுன்றதுக்கு நல்ல உதாரணம் யெஸ்ன்ற கோஷ்டியோட டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ், 1973. பாடகர் ஜான் ஆண்டர்சன் பரமஹம்ச யோகானந்தரோட சுயசரிதையைப் படிக்கிறாரு, அதுல ஒரு அடிக்குறிப்புல சாஸ்திரங்களைப் பத்தி நாலு வரி இருக்கு. அந்த அடிக்குறிப்பை வச்சு ரெண்டு எல்பி, நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு பாட்டு, 80 நிமிஷம்! நம்ம ஊர் சாமியார் புக்கு, நமக்கே புரியல. கீபோர்டு வாசிக்குற ரிக் வேக்மேனுக்கும் புரியல போல, மான்செஸ்டர்ல கச்சேரி நடந்துட்டிருக்கும்போதே மேடையில உக்காந்து கறி சாப்பிட்டாரு. நிஜமா. இண்டியன் கடையில வாங்கினது. கொஞ்ச நாள்ல பேண்டை விட்டே போயிட்டாரு.

#9 டிரம்குச்சி

மேடையிலயா?? டர்பனா இருந்தா பன்னி சௌ (ரொட்டியைக் குடைஞ்சு உள்ள கறிக்குழம்பு ஊத்துறது) வாங்கி குடுத்திருப்போம், மட்டன் குவார்ட்டர், கையால சாப்பிட்டுட்டு எப்படி கீபோர்டு வாசிக்கிறாருன்னு பாப்போம்.

மாமா, தாத்தா என் பக்கம்தான் பேசுறார். கவனிச்சீங்களா?

#10 பக்கம்_பி

கவனிச்சேன்டா.

ஐயாவுக்கு நான் பதில் சொல்ற ஆள் இல்ல, ஆனாலும் ஒண்ணு கேக்குறேன். நீங்க கூத்துல தூங்கி முழிச்சீங்க, சரி. அது நீங்களா தூங்கினது. எங்களுக்கு முழுசா கேக்க விடவே இல்லியே? நாட்டுல எல்லாமே துண்டாத்தான் வந்துச்சு. பாட்டு தடை, பேரு மாத்தம். அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸோட கோல்ட் ஃபேக்ட் ஆல்பம் இந்த நாட்டுல எத்தனை வீட்டுல இருந்துச்சு, அமெரிக்காவுல அந்த மனுஷனை ஒரு நாய் கூட சீண்டல. இங்க அரசு ரேடியோவான எஸ்ஏபிசி லைப்ரரி காப்பியில சுகர் மேன் பாட்டை மட்டும் கூரான எதையோ வச்சு கீறி வச்சிருந்தாங்க, எந்த டிஜேவும் போடக்கூடாதுன்னு. அந்த கீறலை டாக்குமென்ட்ரில காட்டுவாங்க, எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. எல்பில அந்த ஒரு பாட்டுக்கு மட்டும். முதல் பாட்டு வேற அது. அதனாலதான் யாராவது துண்டா கேட்டா என்னன்னு சொன்னா எனக்கு சுருக்குன்னு வருது. நீ உன் இஷ்டத்துக்கு ஷஃபிள் போடுற, எனக்கு இன்னொருத்தன் ஷஃபிள் போட்டான்.

2021ல அடெல் கேட்டுக்கிட்டாங்கன்னு ஸ்பாட்டிஃபைல ஆல்பம் பக்கத்துல இருந்த ஷஃபிள் பட்டனையே எடுத்தாங்க. அந்த அம்மா பாட்டு ஒண்ணு கூட எனக்குத் தெரியாது, ஆனா அன்னிக்கு கைதட்டினேன்.

#11 பழைய_ரேடியோ

சரி தம்பி. அது வேற. அதை நான் ஒத்துக்குறேன்.

ஆனா எல்எம் ரேடியோ காலத்துல லோரென்சோ மார்க்கஸ்லேர்ந்து (மொசாம்பிக்ல, இப்ப மபூட்டோ) வர்ற பாட்டு காத்தடிச்சா மறையும், மழை பேஞ்சா மறையும். மறைஞ்ச இடத்தை நாங்களே பாடி நிரப்பிடுவோம். சில பாட்டோட நடு சரணம் இன்னிக்கும் எனக்கு நாங்க போட்டதுதான்.

#12 ஊதாப்பூ

இந்த இழையில நம்ம ஊரு கான்செப்ட் ஆல்பம் ஒண்ணு யாராவது போடுங்கப்பா. 1860, கரும்புத் தோட்டத்துக்கு நம்ம ஆளுங்களை ஏத்திட்டு வந்த ட்ரூரோ கப்பல், மெட்ராஸ் துறைமுகம், நவம்பர் 16 டர்பன். கதை எல்லாருக்கும் தெரியும், தாத்தா சொன்ன கண்டிஷனும் ஓகே.

#13 பக்கம்_பி

வேணாம் தங்கச்சி, கும்பிடுறேன். ஒவ்வொரு நவம்பருக்கும் கப்பல், கரும்பு, கண்ணீர்னு நாடகம் பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு. போடுறதா இருந்தா டர்பன்ல இந்தியத் தொழிலாளிங்க இருந்த மேகஸின் பேரக்ஸ் குடியிருப்புலேர்ந்து வீட்டைக் காலி பண்ண வச்சு சாமானை லாரில ஏத்தி சாட்ஸ்வர்த்துக்குக் கொண்டு வந்தாங்களே, அதைப் போடு. எங்க அப்பா அம்மிக்கல்லை மடியில வச்சுக்கிட்டு வந்தாராம், லாரில போட்டா உடைஞ்சிடும்னு. கல்லு உடையுமான்னு அம்மா கடைசி வரைக்கும் கிண்டல் பண்ணுவாங்க. அது ஒரு பக்கத்துக்கு தாங்கும்.

#14 திருச்சி2ஜோபர்க்

அம்மிக்கல் பாட்டுக்கு நான் பேஸ் வாசிக்கிறேன் அண்ணே, சீரியஸா.

#15 டிரம்குச்சி

எல்லாருக்கும் ஒரு அப்டேட். சனிக்கிழமை மாமா வீட்டுக்குப் போய் அந்த சரித்திரப் புகழ் "காவடிப் பாட்டு 2" டேப்பை வாங்கிட்டு வந்தேன். என் ஃப்ரெண்டுகிட்ட நல்ல டெக் ஒண்ணு இருக்கு, ஹெட்டை ஸ்பிரிட்டு வச்சுத் துடைச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம். ஐடியா என்னன்னா அந்த ஆறு நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்து, குட்பை க்ரூயல் வேர்ல்டுக்கும் ஹே யூவுக்கும் நடுவுல சொருகி, மாமா வண்டிக்கு ஒரு ஃபைல் பண்ணிக் குடுத்துடலாம், ரோபோல நின்னு அழாம இருப்பாரு.

மாமா, ரெண்டு விஷயம். ஒண்ணு, அது ஆறு நிமிஷம் இல்ல. 5 நிமிஷம் 12 செகண்ட்.

ரெண்டு, அது வெறும் இரைச்சல் இல்ல. நீங்க எப்பவும் அந்த குட்டி ப்ளேயர்ல கேட்டதால தெரியல போல. ஹெட்ஃபோன்ல சத்தமா வச்சா ரூம் கேக்குது. ரெகார்டு முடிஞ்சு ஊசி உள்பக்கம் டொக்கு டொக்குன்னு சுத்திட்டே இருக்கு, மைக்கை நிறுத்தாமலே பெரிய மாமா (உங்க அண்ணன்) எழுந்து போயிட்டாரு. கதவு சத்தம். தூரத்துல ஒரு நாய். ரெண்டாவது நிமிஷத்துல ஒரு பொம்பளை குரல், "சோறு ஆறுது, எத்தனை வாட்டி கூப்பிடுறது"ன்னு. அவரு ஏதோ சொல்றாரு, புரியல. மறுபடி அந்தக் குரல், "அந்தப் பொட்டியை அணைச்சிட்டு வா." அணைக்கல. அப்புறம் தட்டு வைக்குற சத்தம், தண்ணி ஊத்துற சத்தம். டேப் முடிஞ்சிருச்சு.

#16 திருச்சி2ஜோபர்க்

😂😂 அண்ணே நாப்பது வருஷம் நீங்க சுவருக்கு வெளிய நின்னீங்க, அங்க அவர் சாப்பிட்டிருக்காரு!

#17 பழைய_ரேடியோ

அந்தப் பொம்பளை யாரு?

#18 பக்கம்_பி

பெரிமா. 1991ல போயிட்டாங்க. அவங்க குரல் வேற எந்த டேப்புலயும் இல்ல.

டேய், ஃபைலை இப்பவே அனுப்பு, வெட்டாம, முழுசா. அண்ணனுக்கும் ஒரு காப்பி, அவன் ஃபோன்ல ஓடாது, சிடில போட்டுக் குடு. டேப்பை வண்டி டேஷ்போர்டுல வெயில்ல வச்சிடாத.